விலையைத் தவிர

என் பட்டறைக்கும் என் ஓரகத்தியின் பட்டறைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் அவளுடைய பின்னல் இயந்திரங்கள் ஓடினால் இந்தப் பக்கம் என் மேசைமேல் இருக்கும் தேநீர் நடுங்கும். எந்த இயந்திரத்தில் நூல் அறுந்தது, எதற்கு எண்ணெய் போடவில்லை என்றுகூடச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். அவளும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருந்தது பெரும்பாலும் அந்த அளவில்தான்.

நாங்கள் செய்வது ஷூ லேஸ். இயந்திரத்தில் நூல் சுற்றிய பாபின்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து எதிரெதிரே சுற்றும். ஒன்றின் மேலும் இன்னொன்றின் கீழும் புகுந்து புறப்பட, நடுவிலிருந்து கயிறு மெல்ல ஏறும். அதை அளவாக வெட்டி, முனை பிரியாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சூடாக்கி இறுக்க வேண்டும். அந்த முனை கழன்று விழும்வரை உலகத்தில் யாரும் எங்களை நினைப்பதில்லை. தெருவில் இப்படி ஐந்து பட்டறைகள். ஐந்தும் ஒரே கம்பெனிக்குத்தான் அனுப்புகின்றன. கடலுக்கு அப்பால் இருக்கிற கம்பெனி. அவர்கள் ஷூ விற்காத நாடு இல்லை என்பார்கள்.

ஆர்டர் புதுப்பிக்கும் காலம் வந்தால் அந்தக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி எங்களைப் போனில் தனித்தனியாகக் கூப்பிடுவாள். நம் மொழி பேசும் குடும்பத்தில், அங்கேயே பிறந்து வளர்ந்த பெண். மழலையும் மரியாதையுமாகப் பேசுவாள். குடும்பமெல்லாம் விசாரிப்பாள். கடைசியில், "உங்க தெருவிலேயே இதைவிடக் குறைச்சுத் தர்றாங்களே" என்பாள். யார் என்று சொல்லமாட்டாள். சொல்லவும் வேண்டாம். என் கண் தானாகச் சுவர்ப்பக்கம் போய்விடும். "அவங்களைவிடக் கொஞ்சம் கம்மியா வச்சுக்கோங்க" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

அந்த 'கொஞ்சம் கம்மி'யில் கோபம் மட்டும் இல்லை, ஒரு ருசியும் இருந்தது. இந்த வீட்டுக்கு நான் இளைய மருமகளாக வந்தேன். என்னை எல்லாரும் 'சின்னவ' என்றுதான் கூப்பிட்டார்கள். அது வயதைக் குறிக்கிற சொல் இல்லை, ஒரு பதவி. எதையும் கடைசியாகக் கேட்கப்படுகிறவள், எந்த வேலைக்கும் முதலில் கூப்பிடப்படுகிறவள். மாமியாரின் அலமாரிச் சாவிக்கொத்து போய்ச் சேர்ந்தது ஓரகத்தியின் இடுப்புக்கு. மாமியார் போனபின் அண்ணனும் தம்பியும் ஒரு பழைய இயந்திரத்துக்காக முறைத்துக்கொண்டார்கள். பட்டறைக் கொட்டகையின் நடுவில் சுவர் எழும்பியது. சில வருடங்களில் என் கணவரும் போய்விட, பட்டறையை நான் நடத்தத் தொடங்கினேன். நூல் கடையில் ஒருவர் என்னை "முதலாளியம்மா" என்று கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டே வந்தேன்.

ஒரு மதியம் ஓரகத்தி என் பட்டறைக்குள் வந்தாள். கழுத்தில் அளவு நாடா, முந்தானையில் நூல் தூசி. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும். மழுப்பாம சொல்லு."

"கேளுங்கக்கா."

"போன தடவை சொன்ன விலையிலேர்ந்து இன்னும் இறங்கிட்டியாமே."

"நானா? நீங்க இறங்கிட்டீங்கன்னுதான் நான் இறங்கினேன்."

"நான் எங்க இறங்கினேன்? இதுக்குமேல இறங்கினா தரைக்குள்ளதான் போகணும்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவள் பாபின் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"அப்ப அந்தக் கம்பெனிக்காரி நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஊஞ்சல் கட்டி ஆடியிருக்கா" என்றாள்.

அவள் உட்கார்ந்த விதத்தில் ஒரு அயர்ச்சி இருந்தது. அவளுடைய கணவருக்கு முதுகுத்தண்டில் தொந்தரவு. முனை இறுக்க ஆள் வைக்கக் கட்டுப்படியாகாமல் அவரையே தலையணை வைத்து இயந்திரத்தின் முன் உட்கார்த்தியிருந்தாள். நானும் முனை இறுக்கும் பெண்கள் இருவரை அனுப்பிவிட்டு, அந்த வேலையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். நூலையும் மட்டமாக்கியாயிற்று. இனிமேல் குறைக்க எங்களிடம் எதுவும் மிச்சமில்லை.

தெருவில் மற்ற மூன்று பட்டறைக்காரர்களையும் போய்க் கேட்டோம். மீசைக்காரரும் அதே கதையைச் சொன்னார். ஒரே பட்டறை நடத்தும் இரட்டையர்கள் அதை ஆளுக்குப் பாதியாகச் சொன்னார்கள். பள்ளி வேலையிலிருந்து ஓய்வுபெற்று லேஸ் தொழிலுக்கு வந்த டீச்சர், "எல்லாரும் என் மாடிக்கு வாங்க. உக்காந்து பேசுவோம்" என்றாள்.

போய் உட்கார்ந்தோம். பேசினோம். எல்லாருக்கும் ஒரே விலை, அதற்குக் கீழே ஒருவரும் போவதில்லை என்று முடிவானது. அன்று நான் அடைந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. யாரையும் சந்தேகப்படாமல் ஒரு அறையில் உட்கார்ந்திருப்பது உடம்புக்கே இதமாக இருந்தது. இறுக்கிக் கட்டிய கூந்தலை அவிழ்த்துவிட்ட மாதிரி.

"இதை அவகிட்ட எப்படிச் சொல்றது?" என்று மீசைக்காரர் கேட்டார். "அவ கூப்பிடறப்ப ஒவ்வொருத்தரும் தெரியாத மாதிரி அதே விலையைச் சொல்லிடலாமா?"

"எதுக்குத் தெரியாத மாதிரி?" என்றாள் ஓரகத்தி. "நாம என்ன திருட்டா பண்றோம்? ஒளிச்சு வச்சாத்தான் தப்பு. எல்லாரும் சேர்ந்து உக்காந்து அவ மூஞ்சிக்கு நேரா சொல்லுவோம்."

அது எல்லாருக்கும் பிடித்துப்போனது. எனக்கும்தான். டீச்சர் மடிக்கணினியைப் புத்தக அடுக்கின்மேல் தூக்கி வைத்து வீடியோ அழைப்பு போட்டாள். இரட்டையர்கள் தலை வாரிக்கொண்டார்கள். முகங்கள் அடங்காமல் நெருக்கியடித்து உட்கார்ந்தோம்; ஓரகத்தியின் தோள் என் தோளை அழுத்தியது. திரையில் அதிகாரிப் பெண் எங்களைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்ன, இன்னிக்கு எல்லாரும் ஒண்ணா?"

ஓரகத்தி விலையைச் சொன்னாள். ஏன் அந்த விலை என்றும் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் சிரிப்பு வடிந்துகொண்டே போனது.

"நீங்க எல்லாரும் முன்னாடியே பேசி வச்சுத்தான் இந்த விலையைச் சொல்றீங்களா?"

"ஆமாம்மா" என்றார் மீசைக்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "ஒருத்தர் பாக்கி இல்லாம."

"இந்த அழைப்பை நான் இத்தோட நிறுத்தியாகணும். மன்னிச்சுக்கோங்க." திரை அணைந்தது.

"பயந்துட்டா" என்றார் இரட்டையரில் ஒருவர்.

"நல்லா பயந்துட்டா" என்றார் மற்றவர்.

டீச்சர் எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தாள்.

கொஞ்ச நாளில் ஐந்து பட்டறைக்கும் நோட்டீஸ் வந்தது. சந்தையில் போட்டி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிற அரசு ஆணையத்திடமிருந்து. போட்டியாளர்கள் கூடிப் பேசி விலை நிர்ணயித்தது சட்டவிரோதம், விளக்கம் சொல்ல வரவும் என்று இருந்தது. ஆதாரம் அந்த வீடியோ பதிவுதான். தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்கள் முகங்கள்தான்.

ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது வக்கீலின் அறை. எங்கள் வயதுப் பெண். நாற்காலிகளில் இருந்த கோப்புகளை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னாள். ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க கூடிப் பேசினது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? யாராவது போட்டுக் குடுத்தாங்களா?"

"நாங்கதாம்மா சொன்னோம்" என்றாள் டீச்சர்.

"எப்படிச் சொன்னீங்க?"

"எல்லாரும் சேர்ந்து உக்காந்து."

வக்கீல் பழத்தை மேசையில் வைத்தாள். "இந்த மாதிரி வேலை பண்றவங்க ஹோட்டல்ல ரூம் எடுத்து, போனையெல்லாம் வெளிய வச்சுட்டுக் கிசுகிசுன்னு பேசுவாங்க. அவங்களைப் பிடிக்க ஆணையம் வருஷக்கணக்கா அலையும். நீங்க வாங்கறவங்களையே கூப்பிட்டு எதிர்ல உக்கார வச்சுக் குற்றம் பண்ணியிருக்கீங்க. இவ்வளவு நேர்மையான குற்றத்தை நான் பார்த்ததே இல்ல."

ஓரகத்திக்கு முகம் சிவந்தது. "ஏம்மா, அவ ஒருத்தி எங்க அஞ்சு பேர்கிட்டயும் தனித்தனியா பேசி விலையை நசுக்கலாம். நாங்க அஞ்சு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்?"

"நியாயம் வேற, சட்டம் வேறன்னு சொல்லித் தப்பிச்சுக்க மாட்டேன்" என்றாள் வக்கீல். "இந்தச் சட்டம் பெரிய முதலைங்களுக்காக வந்தது. சிமெண்ட் விக்கறவன், மருந்து விக்கறவன் எல்லாரும் கூட்டுச் சேர்ந்து ஊரை ஏய்க்கக் கூடாதுன்னு. அது நல்ல சட்டம்தான். நீங்க மருந்து வாங்கப் போனா உங்களையும் அதுதான் காப்பாத்துது. ஆனா அதை எழுதறப்ப லேஸ் பின்றவங்க யாரும் அவங்க மனசுல இல்ல. அது விக்கறவங்களை எண்ணிப் பாக்கும். வாங்கறவங்களோட பலத்தை எடைபோட்டுப் பாக்கவும் சட்டத்துல வழி இருக்கு. ஆனா அந்த வழக்கு முடியறதுக்குள்ள உங்க பட்டறை துருப்பிடிச்சிடும்."

"அப்ப எங்களுக்கு என்னதான் வழி?"

"அஞ்சு முதலாளிங்க விலை பேசிக்கிட்டாக் குற்றம். ஒரே முதலாளி தன் விலையைச் சொன்னா அது வியாபாரம்." ஒரு சுளையைப் பிரித்தாள். "அஞ்சு பட்டறையும் ஒரே கம்பெனியாயிடுங்க. பங்கு பிரிச்சுக்கோங்க. நீங்க சின்ன ஆளுங்க, சேர்றதை யாரும் தடுக்க மாட்டாங்க. அப்பறம் உங்களுக்குள்ள எவ்வளவு வேணாலும் பேசுங்க, சண்டை போடுங்க. சட்டத்துக்கு நீங்க ஒருத்தர்."

மற்றவர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். எனக்கு 'ஒருத்தர்' என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை. ஓரகத்தியைப் பார்த்தேன். மேசையில் கிடந்த ஆரஞ்சுத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆணையத்தின் விசாரணை அறை நான் பயந்த மாதிரி இல்லை. நீள மேசை, தண்ணீர்ப் புட்டிகள், ஏசியின் குளிர். உறுப்பினர்கள் மூன்று பேர். வக்கீல் முதலிலேயே எங்கள் தவறை ஒப்புக்கொண்டு, ஒப்பந்தத்தைக் கைவிடுவதாகச் சொல்லிவிட்டாள். நடுவில் இருந்த பெரியவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"இது குற்றம்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஓரகத்தி எழுந்தாள். "தெரிஞ்சிருந்தா ஐயா, பிஸ்கட் வாங்கி வச்சுட்டா பண்ணியிருப்போம்?"

உறுப்பினர்களில் ஒருவர் குனிந்து எதையோ தேடுவதுபோல் சிரிப்பை மறைத்தார். பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இவங்களுக்கு அடுத்த பட்டறைதானே? இந்த ஒப்பந்தம் இல்லன்னா இவங்களோட போட்டி போடுவீங்களா?"

"இத்தனை வருஷமா போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் ஐயா" என்றேன். "ஆனா இவங்க என்ன விலை சொன்னாங்கன்னு எனக்கு ஒருநாளும் தெரிஞ்சதில்ல. இவங்க சொன்னதா அந்தம்மா நினைக்க வச்சதோடதான் போட்டி போட்டேன். இருட்டுல யாரோ இருக்காங்கன்னு நினைச்சு ஓடற மாதிரி. அதுக்குப் பேரு போட்டின்னா, போட்டதுதான்."

அவர் பேனாவை எடுத்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

அபராதம் விதிக்கவில்லை, எச்சரிக்கையோடு விட்டார்கள். உத்தரவு தெளிவாக இருந்தது. ஒப்பந்தம் செல்லாது. ஒரே நிறுவனமாக முறைப்படிப் பதிவாகும்வரை ஐந்து பேரும் தங்களுக்குள் விலை பேசக்கூடாது. நேராகவும் கூடாது, யார் மூலமாகவும் கூடாது. படியிறங்கும்போது வக்கீல் தன் பங்குக்குச் சேர்த்துச் சொன்னாள்: "சாவு வீட்ல சந்திச்சாக்கூட விலை பேசாதீங்க. மத்ததெல்லாம் பேசலாம்."

மற்றது என்று எங்களுக்குள் என்ன இருந்தது?

அது ஒரு விசித்திரமான காலம். சுவர் எழும்பியதிலிருந்து எனக்கும் ஓரகத்திக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த ஒரே விஷயம் விலைதான், அதுவும் மூன்றாவது ஆள் வாய்வழியாக. அதைச் சட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் அந்த மாடி அறையில் தோள் உரச உட்கார்ந்ததற்குப் பிறகு, பேசாமல் இருப்பதும் முடியவில்லை. மதியம் இயந்திரங்களை நிறுத்திச் சாப்பிடும் நேரத்தில் அவள் வரத் தொடங்கினாள். முதலில் எண்ணெய் டப்பா கேட்டு வந்தாள். அடுத்த நாள் அதைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அதற்கடுத்த நாள் காரணம் எதையும் தேடவில்லை.

"நூல் வந்துதா?" என்பாள்.

"வந்துதுக்கா. இந்தத் தடவை நூல் வெ..."

"சட்டம்."

"நூல் வெள்ளையா நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

"அப்படிச் சொல்லு" என்று சிரிப்பாள்.

அவளுடைய கணவருக்கு எந்தத் தலையணை முதுகில் சரியாகப் பொருந்துகிறது என்று பேசினோம். தொலைதேசத்தில் வேலை பார்க்கிற அவள் மகள் போனில் எந்தக் குரலில் பேசினால் உண்மையில் அழுதிருக்கிறாள் என்று அர்த்தம் என்பதைச் சொன்னாள். எனக்கு விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுவதைச் சொன்னேன். "தெரியும். நாலு மணிக்கே உன் குழாய்ச் சத்தம் கேக்கும். நானும் முழிச்சுத்தான் கிடப்பேன்" என்றாள். இத்தனை வருடம் இரண்டு பேரும் சுவரின் இரண்டு பக்கத்திலும் விழித்துக் கிடந்திருக்கிறோம்.

அதற்கிடையில் ஆர்டர் புதுப்பிக்கும் நேரம் வந்தது. அதிகாரிப் பெண் தனியாகத்தான் கூப்பிட்டாள். குடும்பம் விசாரித்தாள். ஆனால் அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்லவில்லை. அவளுக்கும் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "உங்க விலை என்ன?" என்று மட்டும் கேட்டாள். என் விலை என்ன? நூலுக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு, என் கைக்கு எவ்வளவு என்று நான் யோசித்ததே இல்லை. பக்கத்து விலையிலிருந்து கழிப்பதுதான் எனக்குத் தெரிந்த விலை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து என் பட்டறையை நானே வெளியாள் மாதிரி சுற்றிப் பார்த்தேன். மறுநாள் சொன்னேன். இப்போதைக்குச் சிறிது காலத்துக்கு மட்டும் நீட்டிக்கலாம், பெரிய ஒப்பந்தத்தைப் பிறகு பேசலாம் என்றாள். வைத்த பிறகும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனிக்கான வேலை நகர்ந்துகொண்டிருந்தது. மீசைக்காரர் சம்மதித்துவிட்டார். இரட்டையர்கள் தங்களில் ஒருவர் சம்மதித்தால் போதும் என்று நினைத்திருந்தார்கள். வக்கீல் இரண்டு பேரையும் வரச்சொன்னாள். டீச்சர் சம்மதம். ஓரகத்தி சம்மதம். நான்தான் பாக்கி. வக்கீல் கூப்பிட்டபோதெல்லாம், "பார்க்கலாம்" என்றேன்.

அபராதத்துக்குப் பயப்படாதவள் எதற்குப் பயப்படுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். தூங்காத விடியற்காலைகளில் பதில் தெளிவாகத் தெரியும். சேர்ந்தால் அந்தக் கொட்டகை மறுபடி ஒரே கொட்டகையாகும். அங்கே ஒரு பெரியவள் இருப்பாள். பெரியவள் இருக்கிற இடத்தில் நான் யார் என்று எனக்குத் தெரியும். "முதலாளியம்மா" என்ற சொல்லைக் கழற்றி வைத்துவிட்டு, "சின்னவளே, கொஞ்சம் இங்க வா" என்ற குரலுக்கு மறுபடி எழுந்து போக வேண்டும். அவள் இப்போது நல்லவளாக இருக்கிறாள், உண்மை. அவள் அப்போதும் கெட்டவளாக இருந்ததில்லை. ஒரு மனுஷியைச் சின்னதாக்குவதற்கு யாரும் கெட்டவளாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு மதியம் அவளே கேட்டாள். சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, நேராக.

"உனக்கு இஷ்டமில்லையா?"

"கம்பெனி மேல ஒண்ணும் இல்லக்கா."

"அப்ப என்மேலயா?"

மழுப்பலாம் என்று நினைத்தேன். பிறகு, மழுப்பி மழுப்பித்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றியது.

"என்னால மறுபடி சின்னவளா இருக்க முடியாதுக்கா" என்றேன். "நான் தனியாவே தோத்துப்போனாலும் போயிட்டுப் போறேன். அது மட்டும் முடியாது."

அவள் எழுந்தாள். கைகழுவிவிட்டு வந்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அத்தை எனக்குச் சாவி குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. எல்லார் முன்னாடியும் குடுத்தாங்க."

"அந்த அலமாரியில ஒண்ணும் இல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

"அன்னிக்கு ராத்திரி திறந்து பார்த்தேன். பழைய வேட்டியும் ரெண்டு பித்தளை டம்ளரும்தான். அத்தைகிட்ட கேட்டா, 'காலின்னு சின்னவளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா பொறந்த வீட்டுக்குச் சொல்லிடுவா. நீ சாவியை மட்டும் இடுப்புல வச்சுக்கோ'ன்னாங்க. வெறும் அலமாரிக்குக் காவல் இருந்தேன் நான். யாராவது எதையாவது கேட்டா, 'அப்பறம் பார்க்கலாம்'னு பெரியவ மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு. நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது எனக்குத் தெரியும். நான் உன்னைப் பார்த்துப் பட்டேன். உன்கிட்ட யாரும் எதையும் கேக்கலைன்னு."

நான் அவளையே பார்த்தேன். சாவி சத்தம் கேட்டால் நான் நிமிர்ந்து உட்கார்ந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அந்தச் சத்தம் அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

"வக்கீலம்மாகிட்ட கேட்டேன்" என்றாள். "கம்பெனியில பெரியவ சின்னவ கிடையாதாம். பங்குதானாம். அஞ்சு பட்டறைக்கும் ஒரே அளவு பங்கு, ஒரே அளவு ஓட்டு. எனக்கு அது போதும். நான் சொல்றது தப்புன்னா நீ எழுந்து நின்னு சொல்லணும். எனக்கு இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்ல. தப்பாவே எத்தனை பண்ணியிருக்கேனோ."

"நான் சொன்னா நீங்க கோச்சுக்குவீங்க."

"கோச்சுக்குவேன். அதுக்கென்ன, ஓட்டுப் போடறதுக்குக் கோபம் தடையா?"

மறுநாள் வக்கீலைக் கூப்பிட்டு வருகிறேன் என்று சொன்னேன். கம்பெனி பதிவான அன்று அலுவலக வாசலில் இறங்கியதும் மீசைக்காரர் முதல் காரியமாகக் கேட்டார்: "இப்பப் பேசலாமில்ல? விலை?" வக்கீல் தலையாட்டினாள். உடனே தெருவோரத்தில் நின்று எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். அடக்கி வைத்திருந்த விலையெல்லாம் கொட்டியது. நடைபாதையில் போனவர்கள் சண்டை என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

பெரிய ஒப்பந்தம் பேச அதிகாரிப் பெண் இந்த முறை நேரிலேயே வந்தாள். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். பயணக் களைப்பில் கண் வீங்கியிருந்தது. லேஸ் இல்லாத ஷூ போட்டிருந்தாள். அதை முதலில் பார்த்தவர் இரட்டையரில் ஒருவர்தான், முழங்கையால் மற்றவரை இடித்தார். எல்லாருமாகச் சேர்ந்து என்னைத்தான் பேசச் சொல்லியிருந்தார்கள். "எனக்குப் பேசத் தெரியும், கேக்கத் தெரியாது. அவளுக்கு ரெண்டும் தெரியும்" என்று சொன்னது ஓரகத்தி.

நூலை, பின்னலை, முனை இறுக்கும் இடத்தை எல்லாம் காட்டினோம். டீச்சரின் மாடியில் உட்கார்ந்தோம்.

"அன்னிக்கு நான் புகார் பண்ண வேண்டியதாப்போச்சு" என்றாள் அவள், தானாகவே. "கேட்டுட்டுச் சும்மா இருந்தா, எங்க கம்பெனியும் உடந்தைன்னு ஆயிடும். என் வேலையே போயிருக்கும்."

"தெரியும்மா" என்றேன். "அதனாலதான் இன்னிக்கு இப்படி உக்காந்திருக்கோம்."

விலையைச் சொன்னேன். அவள் எதிர்பார்த்ததுதான், ஆனாலும் பெருமூச்சு விட்டாள்.

"வேற நாட்டுல இதைவிடக் குறைச்சுத் தர்றாங்க. நிஜமாவே. இது அந்தப் பழைய பேச்சு இல்ல."

"தருவாங்க" என்றேன். "அங்கயும் ஒரு தெரு இருக்கும். அங்கயும் அஞ்சு பட்டறை இருக்கும். அவங்ககிட்ட நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். எவ்வளவு நாளைக்கு அவங்களால தர முடியும்னும் தெரியும். நாங்க மட்டமான நூலுக்கு இறங்கினப்ப உங்க ஷூ எத்தனை திரும்பி வந்துதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவள் தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு எண்ணை முன்வைத்தாள். நாங்கள் கேட்டதைவிடக் குறைவு, முன்பு இருந்ததைவிட அதிகம். இரண்டு வருடத்துக்கு மாறாது. எனக்கு உடனே சரியென்று சொல்லிவிடத் தோன்றியது. பேசிவிட்டு வருகிறோம் என்று வெளியே மொட்டைமாடிக்கு வந்தோம்.

"ஒத்துக்கலாம்" என்றேன். "இழுத்தா போயிடுவா."

"ஒத்துக்கக் கூடாது" என்றாள் ஓரகத்தி. "இதுல முனை இறுக்க ஆள் வைக்க முடியாது. அவரை இன்னும் எத்தனை நாள் அந்த ஸ்டூல்ல உக்கார வைப்பேன்? நீ அனுப்பின பொண்ணுங்க ரெண்டு பேரும் திரும்பி வரணும். நூல் ஏறினா அதுல பாதியாவது அவங்க ஏத்துக்கணும்."

"எல்லாத்தையும் கேட்டா எதுவும் கிடைக்காதுக்கா. நீங்க நினைக்கறது தப்பு."

"தப்புன்னா தப்பு. ஓட்டு விடு."

நானும் மீசைக்காரரும் ஒரு பக்கம். ஓரகத்தியும் டீச்சரும் இரட்டையர்களும் மறுபக்கம். நான் தோற்றுவிட்டேன். அந்தக் கணம் எப்படியிருக்கும் என்று பல விடியற்காலைகளில் ஒத்திகை பார்த்திருக்கிறேன். நெஞ்சு சுருங்கும், முகம் சுண்டும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. முன்பெல்லாம் யாரும் என்னைக் கேட்காததால் நான் தோற்றதும் இல்லை. இப்போது என்னைக் கேட்டார்கள், எண்ணினார்கள், நான் தோற்றேன். காற்று வீசியது. அவ்வளவுதான்.

உள்ளே போய் எனக்குச் சம்மதமில்லாத அந்தக் கோரிக்கையை என்னால் முடிந்த அளவுக்கு நன்றாகவே எடுத்துச் சொன்னேன். அந்தப் பெண் எழுந்து தன் அலுவலகத்துக்குப் போன் செய்யக் கீழே போனாள். நீண்ட நேரமாயிற்று. ஓரகத்தி புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

"போயிட்டா போலிருக்கே" என்றாள் மெதுவாக. "நீ சொன்ன மாதிரி ஒத்துக்கிட்டிருக்கலாமோ?"

"நான்தான் சொன்னேனே."

"சொன்னே. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் மூச்சு வாங்க மேலே வந்தாள். நூல் ஏற்றத்தில் பாதியை ஏற்றுக்கொள்கிறார்களாம். விலையில் கேட்ட அளவுக்கு இல்லை, ஆனால் கொஞ்சம் ஏற்றலாமாம். ஒரு ஆள் வைக்கலாம், இரண்டு பேரை வைக்க முடியாது என்று என் மனம் கணக்குப் போட்டது. ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் மனமும் அதையே போட்டிருக்க வேண்டும். ஒற்றை விரலை மட்டும் எனக்குக் காட்டினாள்.

"நாங்க பேசிட்டு வர்றோம்மா" என்றேன்.

"இன்னும் பேசணுமா?" என்றாள் அந்தப் பெண், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே.

"ஆமாம்மா. கொஞ்ச நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு எல்லாரும் மறுபடி வெளியே போனோம். இந்தத் தடவை நான் முதலில் பேசினேன், உரக்க.